உயிரோடிருக்கும் ஆட்டின் கறி

என் மாப்பிள்ளைக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். கல்யாணத்துக்கு முன்னால் இது எங்களுக்குத் தெரியாது. பையன் படித்தவனா, குடிக்காதவனா, கறி சாப்பிடுகிறவனா என்று மட்டும் விசாரித்தோம். கசாப்புக்கடைக்காரன் வீட்டில் பெண் எடுக்க வருகிறவனிடம் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் கடையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தார். நான் ஈரலை எடுத்துத் தராசில் வைத்தேன். அவ்வளவுதான், கல்லாப்பெட்டியைப் பிடித்தபடியே மாப்பிள்ளை சரிந்துவிட்டார். விசிறி, தண்ணீர் தெளித்து, பெஞ்சில் படுக்கவைத்தோம். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்டது, "அந்த ஈரல் நம்ம வீட்டுக்கா மாமா?"

அப்படிப்பட்ட மனிதருக்குத் தோதான வேலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அதுவும் அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆட்டை வெட்டாமலே ஆட்டுக்கறி செய்கிற கம்பெனியில் விளம்பர அதிகாரி.

கம்பெனி செய்வது இதுதான். உயிரோடு இருக்கிற ஆட்டின் தொடையில் ஊசி குத்திக் கடுகளவு சதை எடுப்பார்கள். அதை ஆளுயர எவர்சில்வர் தொட்டியில் போட்டு, ஏதோ சத்துநீரை ஊற்றி, சூடு குறையாமல் பார்த்துக்கொண்டால் சதை தானாகப் பெருகிக்கொண்டே போகுமாம். "தயிருக்கு உறை ஊத்தற மாதிரிதான் மாமா" என்றார். உறைமோர் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி தயிரில் பங்கு கேட்கமாட்டாள், ஆடும் கேட்காது, ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவர் வாதம். எங்கள் கடைத்தெருவில் அதற்குத் தொட்டிக்கறி என்று பெயர் வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகளும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். சாப்பாட்டு மேசையில்தான் எங்கள் சண்டை நடக்கும். ஒரு ஆடு வளர எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தீவனம், மாடு ஏப்பம் விட்டால் பூமி எவ்வளவு சூடாகிறது என்று எல்லாவற்றையும் விரல்விட்டுச் சொல்வார். சொல்லிக்கொண்டே நல்லி எலும்பைத் தட்டில் தட்டி மஜ்ஜையை உறிஞ்சுவார்.

"இன்னும் கொஞ்ச காலம்தான் மாமா. அப்புறம் கசாப்புக்கடைங்கறதே இருக்காது."

"அப்ப ஞாயித்துக்கிழமை நீங்க எங்க போவீங்க மாப்பிள்ளை?"

"இங்கதான் வருவேன். அத்தை கைப்பக்குவம் எங்க போயிடும்?"

நான் மட்டும் லேசுப்பட்டவனா? ஆடு மேய்க்கிறவன், தீவனம் விற்கிறவன், தோல் வாங்குகிறவன், கத்தி தீட்டுகிறவன் என்று ஊரையே துணைக்கு இழுத்து, இத்தனை பேர் வயிற்றிலும் அடிக்கிறீர்களே என்று சத்தம் போடுவேன். உண்மையில் அப்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது என் வயிற்றை மட்டும்தான். சத்தம் ஏறினால் மகள் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. செத்ததாவது நிம்மதியா இருக்கட்டும்" என்பாள்.

கறி தயாராகி, பாக்கெட் தயாராகி, கடை திறக்க வேண்டிய நேரத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை உதித்தது. இதுவரை எங்கோ பண்ணையில் நின்ற முகந்தெரியாத ஆட்டிடமிருந்து சதை எடுத்தார்கள். அதில் என்ன விளம்பரம் இருக்கிறது? கத்திக்கு அடியிலிருந்து ஒரு ஆட்டை மீட்டு, அதன் சதையில் கறி வளர்த்து, அந்த ஆட்டை உலகம் பார்க்க உயிரோடு வைத்திருந்தால்? கத்திக்கு எங்கே போவது என்று அவர் அலைய வேண்டியிருக்கவில்லை. மாமனார் இருக்கிறேனே.

கேமராக்காரர்களோடு கடைக்கு வந்து இறங்கினார். அன்று கட்டியிருந்தவற்றில் ஒரு பெட்டை ஆடு இருந்தது. குட்டி போடவில்லை என்று வளர்த்தவர்கள் தள்ளிவிட்ட ஆடு. அதைப் பிடித்து வந்து என் முன்னால் நிறுத்தினார்கள். நான் கத்தியை ஓங்க வேண்டும், மாப்பிள்ளை ஓடிவந்து தடுக்க வேண்டும். கத்தியை ஓங்கி வெட்ட நான் என்ன விறகா வெட்டுகிறேன் என்று கேட்டேன். படத்துக்கு அப்படித்தான் வேண்டும் என்றார்கள்.

"மாமா, கொஞ்சம் கொடூரமா மொறைங்க."

"மொறைக்கத்தான் செய்யறேன்."

"ஆட்டை மொறைங்க மாமா. என்னை மொறைக்கறீங்க."

அந்தப் படம் ஊரெல்லாம் ஓடியது. நான் ராட்சசன், மாப்பிள்ளை ரட்சகன். ஆட்டுக்கு ராஜாத்தி என்று பெயர் வைத்து, கம்பெனி வாசலிலேயே ஒரு கண்ணாடி அறை கட்டி, குளிர்சாதனம் போட்டு, மெத்தை விரித்து விட்டார்கள். அவள் தின்பதும் தூங்குவதும் நாள் முழுக்கப் போனில் தெரியும்படி கேமரா வைத்தார்கள். அவள் தொடையிலிருந்து எடுத்த கடுகளவு சதை தொட்டி தொட்டியாகப் பெருகியது. ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் அவள் முகம். அதற்குக் கீழே, இவள் உயிரோடு இருக்கிறாள் என்று கொட்டை எழுத்து. எழுதியவர் மாப்பிள்ளைதான். அந்த வரிக்காகக் கம்பெனியில் அவருக்கு மாலை போடாத குறை.

கடை திறப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனி முதலாளியை அங்கேதான் பார்த்தேன். சின்ன வயசு, பருத்திச் சட்டை, ரொம்ப மெதுவாகப் பேசுவார். மேசையில் ஊர்ந்த எறும்பை ஊதி ஓரமாக அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து கறியே சாப்பிட்டதில்லையாம், தன் கம்பெனிக் கறி உட்பட. ருசி எப்படி இருக்கிறது என்று எல்லாரையும் கேட்டுக் கேட்டு நடந்துகொண்டிருந்தார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. துப்பிவிடலாம் என்ற நினைப்போடுதான் வாயில் போட்டேன்.

அது கறி. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நல்ல கறி. நார் இருந்தது, கொழுப்பு இருந்தது, மென்று விழுங்கியபின் நாக்கில் நிற்கிற அந்தச் சுவையும் இருந்தது. நாள் தவறாமல் ஆடு அறுத்த என் வாய்க்கே வித்தியாசம் தெரியவில்லை. முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டேன். தின்றது ஒத்துக்கொள்ளாமல் இல்லை, பயத்தில்.

ஆரம்பத்தில் கம்பெனிக் கடையில் வரிசை தெருமுனை வரை நின்றது. என் கடையில் நானும் ஈயும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என் பழைய வாடிக்கைகள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வர ஆரம்பித்தார்கள். அவர்களில் முதலில் வந்தவர் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூட டீச்சர். தொட்டிக்கறி வந்த அன்றே என்னிடம் வந்து, இனிமேல் உங்கள் கடைப் பக்கம் வரமாட்டேன், மனசு சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர்.

"என்ன டீச்சர், மனசு அழுக்காயிடுச்சா?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. வாங்கத்தான் செஞ்சேன். பாக்கெட்டைப் பிரிக்கப் போனா அவ என்னையே பார்க்கறா. போனைத் திறந்தா அங்க இலை தின்னுட்டு இருக்கா. உயிரோட இருக்கறவளை எப்படிண்ணே அடுப்புல வைக்கிறது? அங்க அவ அசை போடறா, இங்க அவ தொடை கொதிக்குது. நெனச்சாலே உடம்பு கூசுது."

நான் கொக்கியில் தொங்கியதைக் காட்டினேன். "அப்ப இது?"

"இதுக்கென்ன, இதுதான் செத்துப் போச்சே" என்றார் டீச்சர். "அரைக் கிலோ போடுங்க."

அவர் ஒருவர் மட்டும் அப்படி இருந்தால் விட்டுவிடலாம். ஊரே அப்படித்தான் இருந்தது. ராஜாத்தி இன்று சரியாகத் தின்னவில்லை என்று கம்பெனிக்குப் போன் போடுவார்கள். அவளுக்குக் கொழுந்து இலை பறித்துக்கொண்டு கண்ணாடி அறைக்கு முன்னால் நிற்பார்கள். டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் அவள் படம் வரையவைத்து அனுப்பினார். ஆனால் அவள் கறியை மட்டும் யாரும் தொடவில்லை. வாங்கிய பாக்கெட்டுகளும் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே கிடந்தன. தூக்கிப்போடவும் மனசில்லை, தின்னவும் மனசில்லை. ராஜாத்தியைப் பார்த்து உருகிவிட்டுத் திரும்பும் வழியில் என் கடையில் நின்று, பேரில்லாத, முகம் தெரியாத ஆட்டில் ஒரு கிலோ வாங்கிப் போவார்கள். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்க்கு இவர்கள் எவ்வளவோ தேவலை என்று சொல்ல மாட்டேன். அந்த ஓநாய்க்காவது தான் எதற்கு அழுகிறோம் என்று தெரிந்திருந்தது.

என் வியாபாரம் முன்னைவிட நன்றாக நடந்தது. எனக்கு ஒரே குஷி. ஞாயிற்றுக்கிழமை மேசையில் மாப்பிள்ளை பேச்சே இல்லாமல் சாப்பிட்டார். "பூமி எப்படி இருக்கு மாப்பிள்ளை, சூடு குறைஞ்சுதா?" என்று கேட்டேன். அவர் நல்லி எலும்பை உறிஞ்சாமலே தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் மகள் கடைக்கு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கடைக்கு வந்ததே இல்லை.

"அப்பா, சிரிச்சது போதும். அவருக்கு வேலை போகப் போகுது."

"எதுக்கு? அந்த வரி எழுதினதுக்கு மாலை போடாத குறையா கொண்டாடினாங்களே."

"இப்ப அந்த வரியாலதான் யாரும் வாங்கலைங்கறாங்க. பாக்கெட்ல அவ முகத்தை எடுத்துட்டும் வித்துப் பார்த்தாங்க. ராஜாத்திக்கு என்ன ஆச்சுன்னு ஊரே வந்து கேட்டைப் பிடிச்சு ஆட்டுச்சு. கேமராவை நிறுத்தினா போலீஸ்ல புகார் குடுக்கறாங்க. அவளைக் காட்டினாலும் விக்க மாட்டேங்குது, மறைச்சாலும் விக்க மாட்டேங்குது. எல்லாம் இவர் தலையிலதான் விடியுது."

"வேற கம்பெனியே இல்லையா உலகத்துல?"

"இந்த ஆட்டுக்கறியை விக்கத் தெரியாதவன்னு பேரு வாங்கினவரை எவன் எடுப்பான்? அவரே முடிவு பண்ணிட்டாரு. வேலை போனா மாமா கடையில வந்து உட்கார்ந்துக்கறேங்கறாரு."

நான் நினைத்துப் பார்த்தேன். காலையில் கடை திறந்ததும் மாப்பிள்ளை விழுவார். தண்ணீர் தெளித்து எழுப்பினால் அடுத்த ஆட்டுக்கு விழுவார். இடையில் வருகிறவர்களிடம் பூமி சூடாவதைப் பற்றிச் சொல்வார். ஒரே மாதத்தில் என் கடைக்குத் தொட்டிக்கறி செய்யாததை மாப்பிள்ளை செய்து முடித்துவிடுவார். ஆனால் பயம் அது மட்டுமில்லை. மகளின் கண் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள். அதைப் பார்த்ததும் என் குஷியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் என்னம்மா செய்யணும்?" என்றேன்.

"அவரே வந்து சொல்லுவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரமே, மத்தியானம் நான் கடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது கம்பெனியின் குளிர்வண்டி வந்து பின்பக்கம் நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். அவருக்குப் பின்னால் முதுகில் சால்வையோடு ராஜாத்தி இறங்கினாள். மெத்தையில் படுத்துக் கொழுந்து தின்றதில் நன்றாகக் கொழுத்திருந்தாள். நேராக வந்து என் காலை மோந்துவிட்டு அங்கேயே நின்றாள். ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும் என்பார்கள். அதைச் சொன்னவன் என் கடையில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

"மாமா, மீட்டிங் நடந்தது" என்றார் மாப்பிள்ளை. "ராஜாத்தி உயிரோட இருக்கறதுதான் பிரச்சினைன்னு முடிவாயிருக்கு."

"யார் முடிவு பண்ணினது?"

"முதலாளிதான். அவர் வாயால அப்படிச் சொல்லல. ராஜாத்திக்கு ஓய்வு கொடுக்கலாம்னாரு. நிரந்தர ஓய்வு. இயற்கையா போயிட்டான்னு அறிவிக்கணும். டாக்டரைக் கேட்டோம். இது இன்னும் பல வருஷம் இருக்கும், எந்த நோயும் இல்லைன்னுட்டாரு. ஊசி போட்டு அனுப்பவும் மாட்டேன்னுட்டாரு. அதான், நீங்க..."

சொல்லி முடிக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருக்கு இப்போதே வியர்த்துக் கொட்டியது.

எனக்கு இதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு இவர் கேமராவோடு வராதிருந்தால் அன்று மாலையே இவள் யார் வீட்டு அடுப்பிலாவது வெந்திருப்பாள். சால்வையை எடுத்து ஓரமாகப் போட்டேன். கத்தியை எடுத்துத் தீட்டும் கம்பியில் இழுத்தேன். "காலும் தலையும் வீட்டுக்கு எடுத்து வைக்கவா?" என்று கேட்டேன். பழக்கம்.

"ஐயோ மாமா, யாரும் சாப்பிடக் கூடாது" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "கம்பெனிக்குள்ளேயே குழி வெட்டி வச்சிருக்கு. அப்படியே கொண்டுபோய்ப் புதைச்சிடணும். நாங்க ஆட்டைக் கொன்னு தின்னோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாதில்ல? எங்க கொள்கை அது."

கம்பியில் இழுத்த கத்தி நின்றது.

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் வாங்குகிற முதல் ஆள் வந்து நின்ற பிறகுதான் முதல் ஆட்டை அவிழ்ப்போம். மழையோ காய்ச்சலோ, ஆள் வராவிட்டால் ஆடு பிழைத்தது. தின்ன ஒரு வாய் காத்திருக்காத உயிரின் கழுத்தில் கத்தி வைக்கக் கூடாது. இதற்குப் பெரிய விளக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முறை இல்லையென்றால் எனக்கும் தெருவில் கத்தி தூக்குகிறவனுக்கும் என்ன வித்தியாசம்?

"மாப்பிள்ளை, நான் கசாப்புக்காரன். கொலைகாரன் இல்ல" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா?"

ரொம்ப அப்பாவியாகத்தான் கேட்டார். அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. "உங்க முதலாளிக்குப் போனைப் போடுங்க" என்றேன். போட்டார். ஒலிபெருக்கியில் அந்த மெதுவான குரல் வந்தது.

"ஐயா, வெட்டறேன்" என்றேன். "ஆனா வெட்டினதை யாராவது சாப்பிடணும். நீங்க ஒரு வாய் சாப்பிடறேன்னு சொல்லுங்க, முடிச்சிடறேன்."

"ஐயோ. நான் ஒரு உயிரைக் கொன்னு சாப்பிடறவன் இல்லைங்க."

"கொல்லச் சொல்றது மட்டும்?"

"அது நிர்வாக முடிவுங்க" என்றார். வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டார். கடை கழுவிய ஈரத்தில், நல்ல கால்சட்டையோடு. "வெறுங்கையோட போனா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க மாமா. அவகிட்ட நான் என்ன சொல்றது?" என்றார். அவ என்றது என் மகளை. ராஜாத்தி அவர் சட்டைப் பையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் பார்த்தேன். எவரையும் வெட்ட முடியாது.

"போய் முடிஞ்சதுன்னு சொல்லுங்க" என்றேன். "குழியில ஒரு மூட்டை மண்ணைப் போட்டு மூடுங்க. சால்வையைக் காட்டுங்க. ஆடு என் பொறுப்பு."

இரக்கப்பட்டுச் செய்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அன்று முழுக்க எனக்கு என்மீதே எரிச்சல். வெட்டவும் முடியாத, விற்கவும் முடியாத ஒரு ஆட்டை வைத்துக்கொண்டிருக்கிற கசாப்புக்கடைக்காரனைக் கடைத்தெரு என்ன சொல்லும்? அவளோ மட்டமான இலையை மூக்கால்கூடத் தொடமாட்டாள். ஐஸ்பெட்டியைத் திறந்தால் ஓடிவந்து காற்று வாங்க நிற்பாள். எங்கே ஒளித்துவைப்பது என்று யோசித்தேன். பிறகு ஒளிக்கவே வேண்டாம் என்று தோன்றியது. கடை முன்னால் மற்ற ஆடுகளோடு சேர்த்துக் கட்டினேன். கசாப்புக்கடையில் கட்டியிருக்கிற ஆட்டின் முகத்தை எவனும் பார்ப்பதில்லை. தொடையைத்தான் பார்ப்பான்.

ராஜாத்தி இயற்கை எய்தினாள் என்று கம்பெனி அறிவித்தது. ஊரே கம்பெனி வாசலில் கூடியது. பூக்குவியல் ஆளுயரம் வந்தது. முதலாளி பேசவந்து, பேச முடியாமல் தேம்பினார். நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். மாப்பிள்ளை சொன்னார், நடிப்பு இல்லையாம், அதற்குப் பிறகும் அறைக்குள் போய் அழுதுகொண்டிருந்தாராம். அடுத்த வாரம் கறுப்பு ஓரம் போட்ட பாக்கெட் வந்தது. அவள் முகம் அப்படியே. கீழே மட்டும் புது வரி: இவள் நம் நினைவில் வாழ்கிறாள். இதுவும் மாப்பிள்ளை எழுதியதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஃப்ரிட்ஜில் கிடந்த பழைய பாக்கெட்டெல்லாம் அடுப்புக்கு ஏறியது. செத்தவளைத் தின்ன யாருக்கும் கூச்சமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு வந்தது. மகள் முகத்தில் சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை எலும்பு உறிஞ்சும் சத்தமும் திரும்ப வந்தது.

எனக்கும் வியாபாரம் படுத்துவிடவில்லை. தொட்டியில் சதை வளருமே தவிர எலும்பு வளராது. எலும்பில்லாத கறி என்ன கறி என்று ஊரில் ஆண்பிள்ளைகள் முனக ஆரம்பித்தார்கள். கம்பெனிக் கறியும் வேண்டும், கடித்துத் துப்ப எலும்பும் வேண்டும். ஆகவே அங்கே கறி வாங்கிக்கொண்டு இங்கே எலும்புக்கு வந்தார்கள். மனசு சுத்தமாகவும் இருந்தது, சாறு ருசியாகவும் இருந்தது. எலும்பு எதற்குள்ளிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒருநாள் காலையிலேயே எலும்பு தீர்ந்துவிட்டது. மற்ற ஆடுகளும் முடிந்து ராஜாத்தி மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கையில் கம்பெனிப் பையோடு டீச்சர் வந்தார்.

"என்னண்ணே, ராஜாத்தி இப்படிப் போயிட்டாளே. நான் ரெண்டு நாள் சோறே திங்கல" என்றார். கண் உண்மையிலேயே கலங்கியது. பிறகு பையிலிருந்து கறுப்பு ஓரம் போட்ட பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். "இனிமே என்ன செய்யறது. அவ நினைவா இன்னிக்குச் சமைக்கிறேன். எலும்பு கொஞ்சம் குடுங்க. வீட்டுக்காரர் எலும்பு இல்லாம சாப்பிடமாட்டார்."

"தீர்ந்துடுச்சு டீச்சர்."

"அதான் ஒண்ணு நிக்குதே. நல்லா திடமா இருக்கே. அதைப் போடுங்க, நான் நின்னு வாங்கிக்கறேன்."

"அது வயசான ஆடு. வேகாது."

"குக்கர்ல வச்சா எல்லாம் வேகும்."

"அது விக்கறதுக்கு இல்ல."

"கசாப்புக்கடையில விக்காத ஆடு எதுக்குண்ணே? பெரிய இடத்துக்கு எடுத்து வச்சிருக்கீங்களா?" அவருக்குப் பின்னால் வந்து நின்ற இரண்டு பேரும், அதானே, நல்லதை மறைத்து வைக்கிறார் என்று ஆமாம் போட்டார்கள்.

எனக்குப் பொய் அவ்வளவாக வராது. ஒன்று சொன்னால் இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை வேலை ஒரு பக்கம், இதற்குள் வெட்ட மனசு வராதபடி பழகிவிட்ட இந்த ஆடு ஒரு பக்கம், நடுவில் குக்கரோடு டீச்சர். என்ன வந்தாலும் வரட்டும், ஒரே ஒரு ஆள் காதிலாவது உண்மை விழட்டும் என்று தோன்றியது. கல்லாவைவிட்டு இறங்கிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"டீச்சர், அது ராஜாத்தி. அவ சாகல."

டீச்சர் என்னைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். பாக்கெட்டை எடுத்து ஆட்டின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பாக்கெட்டில் இருந்தவளுக்கு மாப்பிள்ளையின் ஆட்கள் கண்ணில் மை தீட்டி, தாடியை எடுத்துவிட்டு, உதட்டில் லேசாகச் சிரிப்பு வைத்திருந்தார்கள். கயிற்றில் நின்றவள் தும்மினாள். மூக்கிலிருந்து சளி பறந்து டீச்சரின் புடவையில் விழுந்தது.

"உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றார் டீச்சர். "தினமும் அவ முகத்துலதான் முழிச்சேன். எனக்குத் தெரியாதா அவளை? அவ கண்ணுல ஒரு கருணை இருக்கும். இது ஏதோ சந்தையில வாங்கின ஆடு. செத்தவளை வச்சு விளையாடறீங்களே, ஒரு உயிர் போன துக்கம் உங்களுக்கு விளையாட்டா?"

"டீச்சர், நான் சொல்றதை..."

"வேண்டாம். எல்லாரும் சொல்றது சரிதான். எப்பவும் வெட்டிக்கிட்டே இருக்கறவங்களுக்கு ஈவிரக்கம் எங்கேர்ந்து வரும்?"

பின்னால் நின்ற இருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அவரோடேயே நகர்ந்தார்கள். டீச்சர் புடவையைத் துடைத்தபடி தெருவைக் கடந்து எதிரில் இருந்த இன்னொரு கசாப்புக்கடைக்குப் போனார். பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அங்கே அவர் கேட்டதும், எதிர்க்கடைக்காரன் வரிசையிலிருந்து ஒரு குட்டியை அவிழ்த்தான்.